ஏழரைச் சுற்றில் நாலாவது சுற்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், ஓட்டப்பந்தயம் ஓடுகிற பிள்ளைகளுக்கு நம்ம ஊர் உணவே போதும் என்றும், ஜெயித்துவிட்டதாகத் தினமும் மனதில் பார்த்தால் ஜெயித்துவிடலாம் என்றும் வந்த கட்டுரையைப் படித்தேன். முதல் தடவை படித்தபோது சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் தடவை பேனாவை எடுத்துவிட்டேன். முப்பத்தொரு வருஷம் பி.டி. டீச்சராக இருந்துவிட்டு 2019-இல் ஓய்வு பெற்றவள் நான். தப்பைப் பார்த்தால் விசிலைத் தேடிக் கை தன்னால் போகும்.

கம்மங்கூழைக் குறை சொல்வதற்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவில் கரிசல்காட்டில் பிறந்தவள். கம்மஞ்சோறு தின்று வளர்ந்த உடம்புதான் இது. எங்கள் அம்மா கம்பில் தண்ணீர் தெளித்து, உரலில் போட்டுக் குத்தி, தவிட்டைப் புடைத்துவிட்டு மறுபடி இடிப்பாள். சாயங்காலம் அதைக் கிண்டி, உருண்டை பிடித்து, பானைத் தண்ணீரில் போட்டு மூடிவைப்பாள். விடிகிறபோது லேசாகப் புளித்திருக்கும். அதைக் கரைத்து மோர் விட்டு, உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். வெஞ்சனத்துக்குச் சீனியவரைக்காய் வத்தல். இதை எழுதும்போதே வாய் ஊறுகிறது.

அந்தப் புளிப்புக்கு ஒரு வேலை இருக்கிறது, கட்டுரை அதை விட்டுவிட்டது. கம்பில் இரும்புச்சத்து நிறையத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரும்பை உடம்புக்கு விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும் பைட்டேட் என்கிற சமாச்சாரமும் அதே தானியத்தில் இருக்கிறது. குத்தித் தவிடு நீக்கும்போது கொஞ்சம், ராத்திரி முழுக்கப் புளிக்கும்போது கொஞ்சம் என்று அந்தப் பிடி தளரும். அம்மாவுக்கு பைட்டேட் பற்றியெல்லாம் தெரியாது. புளிக்காத கூழ் வயிற்றில் கல் மாதிரி கிடக்கும் என்று மட்டும் சொல்வாள். இப்போது பாக்கெட் மாவை வாங்கி அஞ்சு நிமிஷத்தில் காய்ச்சி, மேலே முந்திரி தூவி, ஆரோக்கியம் என்று குடிக்கிறார்கள். குடிக்கட்டும். அது அம்மா கொடுத்த கூழ் இல்லை.

சரி, அந்தக் கூழை எப்போது குடிப்பது? 1978-இல் பள்ளிக்கூடத்துக்காக நான் 800 மீட்டர் ஓடினேன். பிள்ளை ஓடப் போகிறதே என்று பாட்டி அன்றைக்கு ஒரு செம்புக்கு இரண்டு செம்பாகக் கொடுத்துவிட்டாள். குடித்து அரை மணி நேரத்தில் ஓட்டம். மூன்றாவது சுற்றில் விலாவைப் பிடித்தது. நாலாவது சுற்றில், சிறப்பு விருந்தினர் உட்கார்ந்திருந்த பந்தலுக்கு நேர் எதிரே, இரண்டு செம்பும் வெளியே வந்துவிட்டது. அந்த மைதானத்தை இப்போது கடந்து போனாலும் பந்தல் போட்டிருந்த இடத்தை என் கண் பார்க்காது. கூழ் நல்ல சாப்பாடு, ஆனால் நார் அதிகம், மெதுவாகச் செரிக்கும். முந்தின நாள் மத்தியானம் குடியுங்கள், வாரம் முழுக்கக் குடியுங்கள். ஓட்டத்துக்கு மூன்று மணி நேரத்துக்குள் குடித்தால் என் கதிதான்.

ஓட்டத்தன்று காலையில் என் பிள்ளைகளுக்கு நான் கொடுத்தது மூன்று இட்லியும் சீனியும்தான். பார்க்க ஏழைச் சாப்பாடாகத் தெரியும். சீக்கிரம் செரிக்கும், வயிற்றில் அலம்பாது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஒரு நாட்டு வாழைப்பழம். வெயில் அதிகமென்றால் உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு மிடறு. கடலை மிட்டாய் ஓடி முடித்த பிறகுதான். கோவில்பட்டிக்காரியாக இருந்துகொண்டு இதைச் சொல்லலாமா என்று கேட்பார்கள். 2020-இல் எங்கள் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த அன்று தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தவள்தான் நான். நிலக்கடலையில் கால் பங்கு புரதம், கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். எண்ணெய் இரைப்பையை விட்டு நகர நேரமாகும். ஓடி முடித்துக் களைத்து உட்கார்ந்திருக்கும்போது அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து கிடையாது. கருப்பட்டி பற்றி ஒரு வார்த்தை: கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, கருப்பட்டியும் சர்க்கரைதான். ஓடுகிற பிள்ளைக்குச் சர்க்கரை தேவை, அதனால் கொடுக்கலாம். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

மந்திரம் என்ற பேச்சு வந்ததால் பி.டி. உஷா பற்றிச் சொல்ல வேண்டும். 1984-இல் நான் காரைக்குடியில் உடற்கல்வி படித்துக்கொண்டிருந்தேன். லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உஷா 55.42 வினாடியில் நாலாவதாக வந்தார். மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்ணுக்கு 55.41. விடுதியில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நூற்றில் ஒரு வினாடி என்றால் எவ்வளவு என்று காட்ட ஒருத்தி கையைச் சொடுக்கினாள். அதைவிடக் குறைச்சல் என்று இன்னொருத்தி அழுதாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 2018-இல், உஷா ஒரு பேட்டியில் சொன்னார்: ஒலிம்பிக் கிராமத்தில் அவருக்குப் பிடிபட்ட சாப்பாடு கிடைக்கவில்லை, அரிசிக் கஞ்சியும் ஊறுகாயும் வைத்துத்தான் சமாளித்தார், கடைசி 35 மீட்டரில் தெம்பைப் பிடித்துவைக்க முடியாமல் போனது அதனால்தான் என்று.

அரிசிக் கஞ்சியும் ஊறுகாயும் நம் மரபு உணவுதானே? உங்கள் கட்டுரையின் கணக்குப்படி அவர் தங்கம் வாங்கியிருக்க வேண்டும். கஞ்சி மேல் தப்பில்லை. கஞ்சியோடு வேறு எதுவும் இல்லாமல் போனதுதான் தப்பு. எங்கள் பக்கம் கஞ்சிக்குக் கருவாடு உண்டு, பயறு உண்டு, காணத் துவையல் (கொள்ளுத் துவையல்) உண்டு. அதையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் கஞ்சியைப் 'பாரம்பரியம்' என்று பிள்ளை கையில் கொடுத்தால், அதற்கு எங்கள் ஊரில் வறுமை என்று பெயர்.

கென்யாக்காரர்களைப் பாருங்கள். உலகத்தின் நெடுந்தூர ஓட்டத்தைக் கையில் வைத்திருப்பவர்கள். அவர்களுடைய உணவை அளந்து பார்த்த ஆய்வில், உடம்புக்குக் கிடைக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தது. உகாலி என்று மக்காச்சோள மாவில் கிண்டிய களி, கீரை, பீன்ஸ், சர்க்கரை போட்ட பால் டீ. நம்ம கேப்பைக் களிக்கு ஒன்றுவிட்ட சகோதரிதான் அந்த உகாலி. அதை அவர்கள் ஓடி முடித்த சூட்டோடு, நாளைக்குப் பல வேளை, வயிறு நிறையச் சாப்பிடுகிறார்கள். களியில் இருக்கிற ரகசியத்தைவிட அந்த 'வயிறு நிறைய'வில் இருக்கிற ரகசியம் பெரிது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எங்கள் கரிசலில் கம்பும் இருங்குச்சோளமும் விளைந்த காட்டில் இப்போது எங்கே பார்த்தாலும் மக்காச்சோளம்தான். அவ்வளவும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. நல்லவேளை, அதில் கொஞ்சமாவது முட்டையாகிச் சத்துணவில் திரும்பி வருகிறது.

இப்போது ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவளுக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

2007-இல் அவள் பதினொன்றாம் வகுப்பு. அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிறவள். பெண்ணுக்குக் கால் நீளம், மூச்சு நிதானம், ஓடும்போது தலை ஆடாது. 1500 மீட்டருக்குப் போட்டேன். எங்கள் பள்ளி மைதானத்தில் சுற்று 200 மீட்டர், ஆக ஏழரைச் சுற்று. பிள்ளைகள் அந்த ஓட்டத்துக்கு வைத்த பெயரே ஏழரை. 'டீச்சர் எனக்கு ஏழரை போட்டுட்டாங்க' என்று சொல்லிச் சிரிக்கும். இவள் முதலில் எடுத்த நேரம் 6 நிமிடம் 20 வினாடி. மூன்று மாதம் பயிற்சி கொடுத்தும் பத்து வினாடி குறையவில்லை. நாலாவது சுற்றில் முகம் வெளுத்துவிடும்.

அப்போதுதான் எங்கோ படித்துவிட்டு இந்த மனக்காட்சிப் பயிற்சியை நானும் ஆரம்பித்தேன். உங்கள் கட்டுரையாளர் மாதிரியேதான் நானும். வேப்பமரத்தடியில் அவளைப் படுக்க வைத்து, கண்ணை மூடு, நீ ஜெயித்துவிட்டாய், கழுத்தில் மெடல் போடுகிறார்கள், எல்லாரும் கை தட்டுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். இரண்டு நிமிஷம் கழித்து, 'என்ன தெரியுது?' என்றேன்.

'முறுக்கு டீச்சர்' என்றாள்.

பக்கத்தில் இருந்த பிள்ளைகள் விழுந்து சிரித்தார்கள். நானும்தான். வீட்டுக்குப் போய் ராத்திரி யோசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. மறுநாள் கூப்பிட்டுக் கேட்டேன். காலையில் கடுங்காப்பி. மத்தியானத்துக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் சத்துணவு பத்தாம் வகுப்போடு சரி. பதினொன்றுக்குப் போனதும் தட்டு நின்றுவிடும். பத்தாம் வகுப்பு வரை வாங்கிச் சாப்பிட்ட அதே பிள்ளைக்கு அடுத்த ஜூன் மாதம் பசிக்காமலா போகும்? ராத்திரி வீட்டில் சோறும் ரசமும். அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.2. குறைந்தது 12 இருக்க வேண்டும். மூச்சில் இழுக்கிற காற்றைக் காலுக்குக் கொண்டுபோகிற வண்டி ரத்தம்தான். மூன்று வண்டி போக வேண்டிய இடத்தில் இவளுக்கு இரண்டுதான் போய்க்கொண்டிருந்தது. நாலாவது சுற்றில் ஏன் முகம் வெளுத்தது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. மூன்று மாதமாக விசில் ஊதி 'இன்னும் வேகமா' என்று கத்தியவள் நான்.

இவள் ஒருத்தி கதை இல்லை இது. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். உங்கள் கட்டுரைக்குப் படமாகப் போட்டிருந்த ஓட்டக்காரப் பெண்களில் இரண்டில் ஒருத்திக்கு இருக்கலாம்.

இதில் நம் மரபு என்ன செய்கிறது என்று பாருங்கள். பெண் வயதுக்கு வந்ததும் உளுந்தங்களி கிண்டுகிறோம். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு, பளபளவென்று, கரண்டியில் ஒட்டாத பதத்தில். முட்டை தருகிறோம். இடுப்புக்கு நல்லது, ரத்தம் ஊறும் என்கிறோம். அவளுக்கு இனிமேல் மாதாமாதம் ரத்தம் போகும், அதை ஈடுகட்ட வேண்டும் என்று தெரிந்த சமூகம்தான் இது. ஆனால் பதினாறு நாள்தான் அந்த அறிவு. சடங்கு முடிந்ததும் அண்ணன் தம்பிகளுக்கெல்லாம் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியை வழித்துத் தின்கிற வரிசைக்கு அவள் வந்துவிடுகிறாள். அந்தக் களியை வாரம் இரண்டு நாள் தொடர்ந்து கிண்டியிருந்தால் எனக்கு ஏழெட்டு நல்ல ஓட்டக்காரிகள் கூடக் கிடைத்திருப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் தருகிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எறிந்துவிடும் என்பது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். ஏன் எறிகிறார்கள்? வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். வயிறு ஏன் வெறும் வயிறாக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இவளுக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பிட்ட பிறகு போட வேண்டும் என்பதற்காக என் டிபன் டப்பாவில் இரண்டு பேருக்குக் கொண்டுபோனேன். முருங்கைக்கீரை, முட்டை, சில நாள் நெத்திலிக் கருவாடு, கூடவே ஒரு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை பிழிந்த ஏதாவது ஒன்று. புளிப்பு சேர்ந்தால் இரும்பு நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு காப்பி குடிக்கக் கூடாது என்று சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எங்கள் பக்கத்து ஆளிடம் காப்பியை நிறுத்தச் சொல்வது லேசுப்பட்ட காரியமா?

மூன்று மாதம் கழித்து மறுபடி வேப்பமரத்தடி. இந்தத் தடவை மெடல் பேச்சே எடுக்கவில்லை. கையில் ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு, 'மனசுக்குள்ளேயே ஏழரையை ஓடு, முடிச்சதும் கை தட்டு' என்றேன். ஒன்றரை நிமிஷத்தில் கை தட்டிவிட்டாள்.

'நாலாவது சுத்துல என்ன நடந்துச்சு?'

'தெரியல டீச்சர்.'

'தண்ணித் தொட்டி கிட்ட யாரு இருந்தா?'

'தொட்டியே வரல டீச்சர்.'

அவள் மனசுக்குள் ஓடியது முதல் சுற்றும் கடைசி அரைச் சுற்றும்தான். நடுவில் ஆறு சுற்று காணாமல் போயிருந்தது. நிஜத்தில் தோற்றுக்கொண்டிருந்ததும் அந்த நடுச் சுற்றுகளில்தான். அதனால் அவளை மைதானத்தைச் சுற்றி நடக்க வைத்தேன். தொட்டி பக்கம் தரை சரிவு, கால் வழுக்கும். கொடிக்கம்பம் தாண்டினால் எதிர்க்காற்று. மேற்கு வளைவில் சரளை, வெறுங்காலில் குத்தும். நாலாவது சுற்றில் எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறது, அப்போது கை என்ன செய்கிறது, எவளாவது முழங்கையால் இடித்தால் என்ன செய்வாய், காலை மிதித்தால்? எல்லாவற்றையும் அவளையே சொல்ல வைத்தேன். தினமும் சாயங்காலம் அப்படியே படுத்துக்கொண்டு ஓடுவாள். ஒன்றரை நிமிஷம் மூன்றாயிற்று, அப்புறம் நாலரை. ஒருநாள் கை தட்டியபோது வாட்சில் 5 நிமிடம் 40 வினாடி. நெற்றியில் வியர்வை. படுத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு!

திருநின்றவூர்ப் பூசலார் செய்தது இதைத்தான் என்று எனக்குத் தோன்றும். கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய நாயனார். காஞ்சியில் கல்லால் கோயில் கட்டிய பல்லவ ராஜாவிடம், 'பூசலார் கோயிலுக்கு அன்றைக்குக் குடமுழுக்கு, உன் நாளை மாற்றிக்கொள்' என்று சாமியே கனவில் சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். பூசலார் நேராகக் குடமுழுக்கை மட்டும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. மனசுக்குள்ளேயே பொருள் சேர்த்தார், தச்சர்களைத் தேடினார், நாள் பார்த்து அடிக்கல் போட்டார், ராத்திரியும் தூங்காமல் வரிசை வரிசையாகக் கல் அடுக்கினார், சுதை வேலை பார்த்தார், கிணறு தோண்டினார், மதில் எடுத்தார். ஒரு கல்லைக்கூட விடவில்லை. நாலாவது சுற்றை விட்டுவிட்டுக் கைதட்டுகிற வேலையே அங்கே கிடையாது.

அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸுக்கும் இதுதான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளை நீச்சலில் குதித்ததுமே கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கடைசியில் சுவரே தெரியவில்லை. கையை வீசுகிற எண்ணிக்கையை வைத்துக்கொண்டே நீந்தி, 1 நிமிடம் 52.03 வினாடியில் உலக சாதனையோடு முடித்தார். அவருடைய பயிற்சியாளர் பாப் பௌமன் தூங்கும்முன்பும் எழுந்ததும் பந்தயம் முழுவதையும், கோணலாகப் போகிற மாதிரியும் சேர்த்து, மனதில் ஓட்டிப் பார்க்கப் பழக்கியிருந்தார். கண் தெரியாமல் போவதும் அவருக்கு ஏற்கெனவே நடந்துபார்த்த விஷயமாக இருந்தது.

லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்து 1999-இல் வெளியிட்டார்கள். தேர்வுக்கு முன்னால் ஒரு கூட்டம், தாங்கள் உட்கார்ந்து படிப்பதைத் தினமும் மனதில் பார்த்தது. இன்னொரு கூட்டம், நல்ல மார்க் வாங்கியதை மனதில் பார்த்தது. படிப்பதைப் பார்த்தவர்கள்தான் கூடுதல் நேரம் படித்தார்கள், மார்க்கும் கூட வாங்கினார்கள். மார்க்கையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதிலேயே திருப்தி ஆகிவிட்டார்கள் போலிருக்கிறது. கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்தே ஏப்பம் விடுகிற ஆள் எல்லா ஊரிலும் உண்டு.

அவள் வருவாய் மாவட்டப் போட்டியில் ஓடினாள். இரண்டாவது சுற்றில் பின்னால் வந்தவள் குதிகாலை மிதித்துவிட்டாள். ரத்தம் வந்தது. நான் வெளியே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முடித்துவிட்டு வந்து, 'நாம மூணாவது சுத்துலன்னு நெனச்சோம், ரெண்டுலயே மிதிச்சுட்டா டீச்சர்' என்றாள். 5 நிமிடம் 38 வினாடி. மூன்றாவது இடம். மாநிலப் போட்டிக்கு முதல் இரண்டு பேரைத்தான் கூட்டிப் போனார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். தீபாவளிக்குத் தீபாவளி போன் வரும். ஷிப்டுக்கு நேரமாகிப் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது இன்னும் சுற்று எண்ணுவாளாம்.

ஆக, கட்டுரையில் பாதி சரி. நம் சாப்பாடு நல்லது, மனக்கண்ணில் பார்ப்பதும் நல்லது. விட்டுப்போன பாதியைப் பெற்றோரும் அதிகாரிகளும் படிக்கட்டும் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

பள்ளி விளையாட்டுப் போட்டிகள் எப்படி நடக்கின்றன என்று உங்கள் நிருபர் ஒருவரை ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஏழு மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும் என்பார்கள். அதற்காகப் பிள்ளைகள் அஞ்சரை மணி பஸ் பிடித்து வெறும் வயிற்றோடு வரும். அணிவகுப்பு, கொடியேற்றம், சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருப்பு, சால்வை, புறா. முதல் ஓட்டம் பத்தரைக்கு. 1500 மீட்டரைக் கூப்பிடும்போது பன்னிரண்டேகால். செம்மண் தரை அடுப்பு மாதிரி சுடும், பாதிப் பிள்ளைகள் வெறுங்கால். எலுமிச்சம் சோற்றுப் பொட்டலம் இரண்டரைக்கு வரும். நான் இருந்த ஒரு போட்டியில் ஓட்டம் முடிந்த கோட்டிலேயே மூன்று பெண்கள் மயங்கி விழுந்தார்கள். வாயில் குளுக்கோஸ் பவுடரைக் கொட்டி, முகத்தில் தண்ணீர் அடித்து, அடுத்த ஓட்டத்துக்கு விசில் ஊதினார்கள். ஊதியவர்களில் நானும் ஒருத்தி.

800 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள ஓட்டங்களை ஒன்பது மணிக்குள் முடித்துவிடலாம். விருந்தினர் எப்போது வேண்டுமானாலும் வரட்டும், மெடலை அவர் கையால் பிறகு போடலாம். போட்டி நாளில் பள்ளிக்கு வராததால் பிள்ளைகளுக்குச் சத்துணவு முட்டை போய்விடுகிறது. அதை மைதானத்துக்கு அனுப்ப ஒரு கடிதம் போதும். காலையில் இட்லி, நடுவில் வாழைப்பழமும் மோரும், ஓடியபின் அவித்த கடலையோ கடலை மிட்டாயோ. ஒரு பிள்ளைக்கு ஆகிற செலவு அந்தச் சால்வையில் கால்வாசி வராது. 2022-இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது ஐந்தாம் வகுப்பு வரை என்று தொடங்கினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்தது நியாயம்தான். ஆனால் பெண் பிள்ளை ரத்தம் இழக்கத் தொடங்குகிற வயதும், பள்ளிக்காக ஓடத் தொடங்குகிற வயதும் அதற்குப் பிறகுதான் வருகிறது. குறைந்தபட்சம் விளையாட்டு அணியில் இருக்கிற பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காவது மத்தியானம் ஒரு தட்டுப் போடலாம். வருஷத்துக்கு ஒருமுறை அவர்களுக்கு ரத்தப் பரிசோதனையும் செய்துவிட்டால், என்னைப் போல மூன்று மாதம் கண்மூடித்தனமாக விசில் ஊதிவிட்டு வருத்தப்படுகிற டீச்சர்கள் குறைவார்கள்.

கடிதம் நீண்டுவிட்டது, தெரிகிறது. இடம் போதாவிட்டால் என் வாந்திக் கதையை வெட்டுங்கள், எங்கள் வீட்டிலும் சந்தோஷப்படுவார்கள். பெல்ப்ஸையும் வெட்டலாம், வேண்டுமானால் பூசலாரையும். பன்னிரண்டேகால் மணி ஓட்டத்தையும் முட்டையையும் மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
கோவில்பட்டி வட்டாரம்